நல்வரவை விரும்பும் பதினொருவர்

சிங்கப்பூர் பஸ்ஸில் கண்டக்டர் கிடையாது. அட்டையைப் பெட்டிக்குள் செருகினால் சீட்டு வரும்; யாரிடமும் வாய் திறக்க வேண்டியதில்லை. ஆறு வருடம் அப்படியே போய்வந்து பழகியவன், 1998ஆம் வருடம் ஆனி மாதத்து வியாழக்கிழமை ஒன்றில் மதுரையில் அருப்புக்கோட்டை பஸ் ஏறினேன். கண்டக்டர் எதிரில் வந்து நின்று, "எங்க போறீக?" என்றார். ஊர்ப் பெயரைச் சொல்ல எனக்கு ஒரு நொடி தாமதமானது. அன்றைய நாட்குறிப்பின் முதல் வரி அதுதான்.

மடியில் இருந்த பையில் பதினொரு படிவங்கள். பதினொரு பேரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு செவ்வாய்க்கிழமை கிளம்பிவிட வேண்டும். அந்தப் பதினொருவரில் ஒருவன் நான்.

காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் வேலை பார்த்தது ஒரு சின்ன நிறுவனம். பள்ளிக்கூடங்களுக்கும் கோயில்களுக்கும் கம்ப்யூட்டரில் தமிழ் அச்சடிக்கும் மென்பொருள் செய்து விற்றோம். அதற்குள்ளே 'ஒன்பதூசி' என்று ஒரு நிரல் ஓடிக்கொண்டிருந்தது. ஒன்பது ஊசி வைத்த டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் தமிழ் எழுத்தைப் புள்ளி புள்ளியாகக் குத்துவதற்காக, அருப்புக்கோட்டையில் நாங்கள் சிலர் சேர்ந்து 1989இல் எழுதத் தொடங்கியது. 1992இல் சிங்கப்பூருக்குக் கிளம்பியபோது அதை ஒரு பிளாப்பியில் எடுத்துப்போனேன். இப்போது எங்கள் நிறுவனத்தை ஒரு பெரிய நிறுவனம் வாங்க வந்தது. அவர்களுடைய வக்கீல் மிஸ் லிம் ஒவ்வொரு கோப்பாகத் திறந்து, இது யார் எழுதியது, என்ன நிபந்தனை என்று கேட்டுக்கொண்டே வந்தார். ஒன்பதூசிக்கு வந்ததும் நின்றுவிட்டார். அதன் தலையில் தமிழில் இப்படி இருந்தது:

"அன்புடையீர், இந்தப் புரோகிராமை யாரும் எடுத்துக்கொள்ளலாம், நகல் எடுக்கலாம், மாற்றலாம், விற்கலாம். மாற்றியவர் தாம் மாற்றியதில் ஒரு நகலை எங்களுக்கு அனுப்பிவைக்க வேண்டும். யாருக்குக் கொடுத்தாலும் மூலத்தைத் திறந்தே கொடுக்க வேண்டும். கீழே புதுப் பெயர் சேர்க்கலாம். இருக்கும் பெயரை எடுக்கக் கூடாது. இங்ஙனம், தங்கள் நல்வரவை விரும்பும்" — அதற்குக் கீழே பதினொரு பெயர்கள்.

மிஸ் லிம் மொழிபெயர்ப்பை இரண்டு முறை படித்துவிட்டு, "கல்யாணம் எந்த ஊரில்?" என்று கேட்டார்.

அவர் முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. நிபந்தனைப்படி மூலத்தை, அதாவது நிரலின் வரிகளை, யாரும் படிக்கும்படி திறந்து, விற்கும் பெட்டியோடு கொடுப்பது ஒன்று. பதினொரு பேரும் "மூடிக் கொடுக்கச் சம்மதம்" என்று எழுதிக் கொடுத்துவிட்டால் நிபந்தனையே இல்லை; அது இன்னொன்று. என் முதலாளி இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார். "உன் ஊர், உன் ஆட்கள். நாலு நாள் வேலை" என்றார். இது முடிந்தால் புதிய நிறுவனத்தில் தமிழ்ப் பிரிவுக்கு நான்தான் தலைவன் என்றும் சொன்னார். எனக்கும் அப்போது அதில் தப்பு ஒன்றும் தெரியவில்லை.

காரியாபட்டிக்குக் கொஞ்சம் முன்னால் பஸ்ஸின் பெல்ட் அறுந்தது. எல்லோரும் இறங்கிப் புளிய மர நிழலில் நின்றோம். மிளகாய்ப்பொடி தூவிய வெள்ளரிப்பிஞ்சு விற்றுக்கொண்டு ஒரு பெண் எங்கிருந்தோ வந்துவிட்டார். ஒரு பெரியவர் கண்டக்டரிடம், இந்த வண்டிக்குத் தன்னைவிட வயது கூட இருக்கும் என்று குறைப்பட்டார். "அதான் அதுக்கும் ஒங்கள மாதிரியே வெயில் ஒத்துக்கிடல" என்றார் கண்டக்டர். எதிரே வேறு கம்பெனி பஸ் ஒன்று வந்தது. இந்த டிரைவர் கையைக் காட்ட, அந்த டிரைவர் இறங்காமலே சீட்டுக்கு அடியிலிருந்து மாற்று பெல்ட் ஒன்றை எடுத்து வீசிவிட்டுப் போனார். நாளை இதே இடத்தில் திருப்பிக் கொடுப்பார்களாம். சிங்கப்பூரில் ஒருமுறை பஸ் நின்றபோது சில நிமிடங்களில் வேறு பஸ் வந்தது. அதுவரை யாரும் யாரிடமும் பேசவில்லை. அது நல்ல ஏற்பாடுதான். இங்கே நாற்பது நிமிடம் ஆனது. கடிகாரம் பார்த்து எழுதிவைத்திருக்கிறேன்.

அருப்புக்கோட்டையில் இறங்கி நேரே தேவசகாயத்தின் அச்சகத்துக்குப் போனேன். அவன் என்னைவிட இரண்டு வயது மூத்தவன், என் கூட்டாளி. பாதி மடித்த கல்யாணப் பத்திரிகைக் கட்டைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

"ஏலே சோமு, அங்க வெயிலே கெடையாதுன்னாக. நீ என்ன, போனப்ப இருந்ததவிடக் கருத்து வந்திருக்க?"

மை வாடையும் பசை வாடையும் அப்படியே இருந்தன. அடிக்கிற இயந்திரம் மாறியிருந்தது. அந்த மூலையில், ஒன்பதூசி பிறந்த மேஜையில், இப்போது காகிதக் கட்டுகள்.

ஒன்பதூசி பிறந்தது ஒரு கோபத்தில். 1988இல் மதுரையிலிருந்து ஒரு விற்பனையாளர் வந்து, தமிழ் அச்சடிக்கும் புரோகிராம் ஒன்றை தேவசகாயத்துக்கு விற்றார். பிரிண்டரில் ரிப்பனைக் கழற்றிவிட்டு ஸ்டென்சில் தாளைக் கொடுத்தால் ஊசி குத்திக்கொண்டே போகும். அதை சைக்ளோஸ்டைலில் போட்டு ஐநூறு பத்திரிகைகூட எடுத்துவிடலாம். இனி எழுத்துக் கோர்க்கும் வேலையே இல்லை என்று நம்பி, தேவசகாயம் தன் ஈய எழுத்துகளில் பாதிக்கு மேல் எடைக்குப் போட்டுவிட்டான். மூன்றாம் மாதம் மின்சாரம் ஏறி இறங்கியதில் பிரிண்டர் எரிந்தது. வேறு பிரிண்டர் வாங்கினால், புரோகிராமுக்கு அந்தப் பிரிண்டரைத் தெரியவில்லை. உள்ளே ஒரு சிறிய இடத்தை மாற்றினால் போதும். ஆனால் உள்ளே பார்க்க வழியில்லை, எல்லாம் பூட்டியிருந்தது. மதுரைக்குப் போய்த் தேடினால் அந்த ஆள் கடையைக் காலிபண்ணிவிட்டுப் போயிருந்தார்.

அந்த வாரம் அச்சாக வேண்டிய பத்திரிகைகளில் ஒன்று, பஸ் கண்டக்டர் முனியசாமி அண்ணனின் தங்கை கல்யாணத்துக்கானது. மிச்சமிருந்த ஈய எழுத்தை வைத்து தேவசகாயம் பக்கம் பக்கமாகக் கோர்த்து அடித்துக் கொடுத்தபோது கல்யாணத்துக்கு இரண்டே நாள் இருந்தது. இந்தப் பக்கத்தில் பத்திரிகையை நேரில் போய்த் தட்டில் வைத்துக் கொடுத்தால்தான் அழைப்பு. கேட்டறிந்து வருகிற வழக்கம் கிடையாது. முனியசாமி அண்ணன் பஸ்ஸிலும் சைக்கிளிலும் மாறி மாறி அலைந்தும் பாதி ஊர்களுக்குப் போய்ச் சேரவில்லை. அவருடைய தாய்மாமன் வீடு அந்தப் பாதியில் இருந்தது. மாமன் கல்யாணத்துக்கு வரவில்லை. அதன் பிறகு எதற்கும் வரவில்லை.

முனியசாமி அண்ணன் அச்சகத்துக்கு வந்து சண்டை போடுவார் என்று காத்திருந்தோம். அவர் சண்டை போடவில்லை. "நீங்களே ஒண்ணு எழுதிப்பிட்டா என்ன?" என்று மட்டும் கேட்டார்.

எழுதினோம். கம்ப்யூட்டர் சென்டர் நடத்திய தனசேகரன் பகலில் வகுப்பு முடிந்ததும் மெஷினைக் கொடுத்தார்; பாதி நிரல் அவருடையது. நான் ஒரு மில் ஆபீஸில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். மற்றப் பாதி என்னுடையது. தமிழ் எழுத்து ஒன்பது ஊசியில் அடங்காது. மேல் பாதியை ஒருமுறையும், கீழ் பாதியை ஒருமுறையும் குத்த வேண்டும். நடுவில் முடியளவு வெள்ளைக்கோடு விழும். அந்தக் கோட்டை ஒழிக்க எனக்கு ஒரு மழைக்காலம் ஆனது. எழுத்துகளின் புள்ளிகளை வரைந்தவர் திருச்சுழியில் டைப்பிஸ்ட்டாக இருந்த ஜெயராணி. கட்டம் போட்ட தாளில் ஒவ்வொரு எழுத்தாகப் பென்சிலால் புள்ளி வைத்து அனுப்புவார். அவற்றையும், பிறகு பிளாப்பிகளையும், அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் நடுவே தன் தோல்பைக்குள் வைத்துச் சுமந்தவர் முனியசாமி அண்ணன். வெயிலில் வளையாமல் இருக்க இரண்டு சிலேட்டுக்கு நடுவே வைத்துக் கட்டியிருப்பார். மூன்று வருடத்தில் ஒரு பிளாப்பிகூட அவர் கையில் கெடவில்லை.

நிபந்தனையை எழுதும் வேலை தேவசகாயத்துக்கு வந்தது. வெளிநாட்டில் சிலர் இதுபோல் நிரல்களை நிபந்தனையோடு இலவசமாக விடுகிறார்கள் என்று நான் ஒரு பழைய சஞ்சிகையில் படித்துச் சொன்னேன். அவனுக்குத் தெரிந்த எழுத்து நடை ஒன்றே ஒன்றுதான். எனவே 'அன்புடையீர்' என்று தொடங்கினான். பெயர்ப் பட்டியலையும் பத்திரிகை போலவே போட்டான். புள்ளி வரைந்த ஜெயராணியையும் சேர்த்தால் நிரல் எழுதியவர்கள் மூன்று பேர். பட்டியலில் பதினொரு பேர். கரண்ட் போனால் கம்பத்தில் ஏறிய பாலவனத்தம் ராமர், டீக்கடை காதர், ஸ்டென்சில் தாள் கொடுத்தவர், முதலில் வாங்கிப் பயன்படுத்திய தலைமையாசிரியர், சபை அறிக்கையை இதில் அடிக்க ஒப்புக்கொண்ட போதகர், ஒன்றும் செய்யாவிட்டாலும் விட்டால் கோபித்துக்கொள்வார் என்பதற்காக தேவசகாயத்தின் அத்தான். வேறு ஊரில் இந்தத் தப்பு நடந்திருக்காது. இங்கே பெயரை விடுவதுதான் தப்பு.

படிவத்தை நீட்டினேன். தேவசகாயம் படித்துவிட்டு மடித்து என் பைக்குள்ளேயே வைத்தான்.

"எல்லார்ட்டயும் வாங்கிட்டு வா. நான் கடைசியாப் போடுறேன். மொதப் பேரு என்னுது. வீட்டுக்காரன் கடைசிப் பந்தியிலதான உக்காரணும்?"

வெள்ளிக்கிழமை டவுனையே சுற்றினேன். கையெழுத்து கேட்டுப் போன இடமெல்லாம் சாப்பாடு கிடைத்தது. காதர் கடையில் பரோட்டாவும் சால்னாவும் கொடுத்துவிட்டு, எதற்கென்று கேட்காமலே போட்டார். "நம்ம பேரு சிங்கப்பூர் வரைக்கும் போயிருக்கா?" என்று மட்டும் கேட்டு, கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். போதகர் இரண்டு பக்கத்தையும் படித்து, ஒரு காற்புள்ளியைத் திருத்திவிட்டுப் போட்டார். தலைமையாசிரியர் இறந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. அவர் மனைவி, கணவர் பெயருக்கு நேரே தன் கையெழுத்தைப் போட்டு, கருப்பட்டி மிட்டாய்ப் பொட்டலம் ஒன்றையும் கையில் கொடுத்தார். தனசேகரன் இப்போது மொத்த மளிகைக் கடையில் அப்பாவோடு உட்கார்ந்திருந்தார். கம்ப்யூட்டரை விட்டு வெகுநாளாயிற்று. சிரித்துக்கொண்டே போட்டார். ஸ்டென்சில் தாள் கொடுத்தவர் கடை வாசலில் நின்றபடியே போட்டார். தேவசகாயத்தின் அத்தான், தன் பெயரை ஏன் ஏழாவதாகப் போட்டான் என்பதற்கு விளக்கம் கேட்டுவிட்டுப் போட்டார்.

மாலையில் பாலவனத்தம் போய் ராமரிடம் வாங்கினேன். அவர் கம்பத்தின் மேல் இருந்தார். கீழே வந்ததும் சட்டைப்பையிலிருந்து டெஸ்டரை எடுத்து வைத்துவிட்டுப் பேனாவை வாங்கிக்கொண்டார். அன்றைக்கு ஏழு கையெழுத்து. நாலு நாள் வேலை என்று முதலாளி சொன்னது சரியாகத்தான் இருந்தது.

சனிக்கிழமை திருச்சுழி. குண்டாற்றில் மணல்தான் ஓடியது. ஜெயராணி ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்த்தார். சனிக்கிழமை அரை நாள் என்பதால் வீட்டில் இருந்தார். கூடத்துச் சுவரில் காலண்டர் மாட்டும் ஆணியில் ஒரு சோதனைத் தாள் தொங்கியது: உயிரிலிருந்து கிரந்தம் வரை ஒன்பதூசி குத்திய அத்தனை எழுத்தும்.

நாங்கள் எல்லோரும் வேறு வேலைக்குப் போன பிறகு ஒன்பதூசியைக் காப்பாற்றி வந்தது அவர்தான். அது எனக்கு அன்றுதான் தெரிந்தது. பள்ளிக்கூடங்கள், கோயில் அலுவலகங்கள், சபைகள் என்று யார் யாரோ தபாலில் பிளாப்பி அனுப்புவார்களாம். இந்த எழுத்து உடைகிறது, அந்தப் பிரிண்டரில் தாள் நகரவில்லை என்று கூடவே கடிதம் வரும். சிலர் தாங்களே திருத்தி அனுப்புவார்கள். இவர் பள்ளிக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்து, சோதனைத் தாள் எடுத்து, சரியென்றால் சேர்த்து, எல்லோருக்கும் நகல் அனுப்புவார். ஒரு நீள நோட்டில் தேதி போட்டு, யார் என்ன மாற்றினார்கள் என்று எழுதியிருந்தார். தேதி எழுதுகிறவன் என்று எனக்கு என்னைப் பற்றிக் கொஞ்சம் கர்வம் உண்டு. அந்த நோட்டுக்கு முன்னால் என் நாட்குறிப்பு ஒன்றுமில்லை. அவரிடம் இருந்த பெயர்ப் பட்டியல் ஒன்றரைப் பக்கம் வளர்ந்திருந்தது. என் நகல் 1992இல் அப்படியே நின்றுவிட்டது.

எங்கள் நிறுவனத்தின் மாதிரித் தாள் ஒன்றை அவருக்குக் காட்டுவதற்காகக் கொண்டுபோயிருந்தேன். இருபத்து நாலு ஊசி பிரிண்டரில் அடித்தது. எழுத்து வழவழவென்று இருக்கும். பாராட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் தாளை ஜன்னலோரம் கொண்டுபோய், ஊசி குத்தின இடத்தை உற்றுப் பார்த்தார்.

"இருபத்து நாலு ஊசிக்கு நீங்களே மாத்தினீகளாண்ணே?"

"ஆமா."

"எப்ப?"

தேதி கேட்டால் எனக்குத் தடுமாற்றமே வராது. "தொண்ணூத்து மூணு மார்ச்" என்றேன்.

அவர் நோட்டைப் புரட்டி ஒரு பக்கத்தை என் பக்கம் திருப்பினார். 1996 மே மாதம் முழுக்க அதே வேலை. பள்ளி விடுமுறை ஒரு நாள்கூட விடாமல் போய் உட்கார்ந்திருக்கிறார். நான் மூன்று வருடத்துக்கு முன்பே முடித்து, பெட்டிக்குள் பூட்டிவைத்திருந்ததை, இவர் இங்கே புழுதிக்காற்றில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு மறுபடி முதலிலிருந்து செய்திருக்கிறார். மாற்றியதில் ஒரு நகலை அனுப்ப வேண்டும் என்பது அந்த நிபந்தனையின் இரண்டாவது வரி. ஆறு வருடத்தில் நான் ஒரு கடிதம்கூடப் போடவில்லை.

மன்னிப்புக் கேட்க வாய் எடுத்தேன். அதற்குள் அவர், "படிவத்தக் கொடுங்க" என்று வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். எனக்குக் காப்பி கொடுத்தார். ஒரு வார்த்தை குறையாகச் சொல்லவில்லை. வாசல் வரை வந்தபோதுதான் கேட்டார்: "முனியசாமி அண்ணன்ட்ட இத எப்படிச் சொல்லப் போறீக?"

ஞாயிற்றுக்கிழமை, முனியசாமி அண்ணனின் ஊரான பரளச்சிக்குப் போகக் காத்து நின்ற பஸ் வரவே இல்லை. ஏதோ ஊர்த் திருவிழாவுக்குத் திருப்பிவிட்டார்களாம். காலியாகத் திரும்பிய கரிமூட்டை லாரி ஒன்றில் ஏறினேன். லோடு இறக்கிய லாரியில் கரித்தூள்தான் லோடு. சீமைக்கருவேலம் புதர்களும், உழுது போட்டு மழையைப் பார்த்துக் கிடக்கும் கரிசலும் மாறி மாறி வந்தன. டிரைவர், வெளிநாடு என்றால் அங்கே கண்மாய் உண்டா என்று விசாரித்தார். இல்லை என்றதும் பிறகு எப்படி விளையும் என்று கவலைப்பட்டார். ஒன்றும் விளையாது, எல்லாம் கப்பலில் வரும் என்றேன். "நல்ல ஊருதான். வானத்தப் பாக்க வேண்டியதில்ல" என்றார். இறங்கும்போது என் வெள்ளைச் சட்டையும், பையும், பைக்குள் இருந்த படிவங்களின் ஓரமும் கறுத்திருந்தன.

முனியசாமி அண்ணன் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். வாசலில் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டுப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார். என் கோலத்தைப் பார்த்துவிட்டு, "சிங்கப்பூர்ல கரிச் சூளையிலயா வேல?" என்றார். கை கழுவத் தண்ணீர் கொடுத்தார்கள். அவர் மனைவி கம்பங்கூழும் மோர்மிளகாயும் கொண்டுவந்து வைத்தார். சிங்கப்பூரில் கம்பு கிடைக்கும், பொட்டலத்தில். அதைக் காய்ச்சிப் பார்த்திருக்கிறேன். இப்படி வரவில்லை.

அவருக்குக் கண்ணாடி இல்லாமல் படிக்க முடியவில்லை. நான் படித்துச் சொன்னேன். கேட்டு முடித்ததும், ட்யூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழ் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே பேசினார்.

"இதுல போட்டா, உள்ள என்ன இருக்குன்னு வாங்குறவுக பாக்க முடியாது. அப்படித்தான தம்பி?"

"ஆமாண்ணே."

"கெட்டுப்போச்சுன்னா?"

"எங்ககிட்ட வரணும்."

"நீங்க கடையக் காலிபண்ணிட்டா?"

நான் படிவத்தை மடித்தேன்.

"அப்ப இது அந்த மதுரைக்காரன் கொடுத்த பொட்டிதான். பேரு மட்டும் நம்ம பேரு" என்றார்.

குரலில் கோபம் இல்லை. ட்யூபைத் துடைத்தார். நான் அப்போது சொன்னதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். நடந்ததை எழுதுகிறவன் மறைக்கக் கூடாது என்பதால் எழுதுகிறேன். "நீங்க ஒரு வரிகூட எழுதலையேண்ணே. சட்டப்படி ஒங்க கையெழுத்து இல்லாமலேகூடச் செய்யலாம்" என்றேன்.

அவர் சிரித்தார். "பத்திரிகைல பேரு போட்டவனெல்லாமா சமைக்கிறான்? நாளைக்குக் கல்யாணத்துல ஒரு கொறைன்னா வந்து நிக்கணும். அதுக்குத்தான் பேரு போடுறது. நான் நிக்கேன். அம்புட்டுத்தான்."

படிவத்தை அவர் தொடவில்லை; பிறகு அதைப் பற்றிப் பேசவும் இல்லை. மாமன் போன வருடம் இறந்துவிட்டதையும், கடைசி வரை இந்த வாசலை மிதிக்கவில்லை என்பதையும் சொன்னார். துஷ்டிக்கு இவர் போயிருந்தாராம். தங்கைக்கு இரண்டு பிள்ளைகள். சாயங்காலம் என்னைச் சைக்கிள் கேரியரில் உட்காரவைத்து, ஒட்டின பஞ்சர் நிற்கிறதா என்று பார்க்கிற சாக்கில், பஸ் நிற்கும் இடம் வரை மிதித்துக் கொண்டுவந்து விட்டார். பஸ் வந்ததும் பழக்கத்தில் கதவருகே நின்று, "ஏறு ஏறு, உள்ள போ" என்று எல்லோரையும் ஏற்றினார்.

திங்கட்கிழமை அச்சகத்தில் தேவசகாயத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் என் பையிலிருந்து தன் படிவத்தை எடுத்தான். கரி படிந்த ஓரத்தை ஊதினான்.

"முனியசாமி அண்ணே சாப்பிடல. நான் கை நனைக்க முடியாது" என்றான். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏலே, ஒன்னைய யாரும் கொற சொல்லல. நாங்க ரெண்டு பேரும் ஒரு வரி எழுதல. வக்கீல்ட்ட அதச் சொல்லு, விட்டுருவாக. ஒம் பொழப்பு கெட வேண்டாம்" என்றான்.

செவ்வாய்க்கிழமை காலை மதுரை பஸ் ஏறும்போது என்னிடம் எட்டுக் கையெழுத்துகள் இருந்தன. வெறும் படிவங்கள் மூன்று. மூன்றாவது என்னுடையது, அதைப் போட மறந்திருக்கவில்லை, கடைசியில் போடலாம் என்று வைத்திருந்தேன். காரியாபட்டிக்கு முன்னால் அந்தப் புளிய மரம் வந்தது. இந்த முறை பஸ் நிற்கவில்லை. நான் அதைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனேன்.

சிங்கப்பூரில் மிஸ் லிம் படிவங்களை மேஜையில் வரிசையாகப் பரப்பினார். கறுப்பு விரல் ரேகைகளைப் பார்த்து, சாட்சிக் கையொப்பமா என்று கேட்டார். ஒவ்வொரு பெயருக்கும் நேரே இவர் என்ன எழுதினார் என்று விசாரித்தார். மின்கம்பத்தில் ஏறினார், டீ கொடுத்தார், அத்தான் என்று நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். முனியசாமி அண்ணனுக்கு வந்தபோது, "சுமந்தார்" என்றேன். அவர் பேனாவை வைத்துவிட்டு யோசித்தார்.

"எழுதாத இரண்டு பேர் கையெழுத்துப் போடவில்லை. அது பரவாயில்லை, நாம் விட்டுவிடலாம். எழுதியவர்கள் மூன்று பேர். இரண்டு பேர் போட்டிருக்கிறார்கள். மூன்றாவது ஆள் எங்கே?" என்றார்.

"எதிரில் உட்கார்ந்திருக்கிறேன்" என்றேன். "நானும் போடவில்லை."

அறையில் இருந்த என் முதலாளி எழுந்துவிட்டார். அவர் சொன்னவற்றை எழுத வேண்டியதில்லை. அவர் பக்கத்திலும் நியாயம் இருந்தது. ஒன்பதூசியை நீக்கிவிட்டுப் புதிதாக எழுத எத்தனை மாதம் ஆகும் என்று மிஸ் லிம் கேட்டார். பத்து மாதம் என்றேன். நிறுவனம் கைமாற ஆறு வாரம்தான் இருந்தது. அவர் மொழிபெயர்ப்பை இன்னொரு முறை படித்தார். "இதில் விற்கக் கூடாது என்று எங்கும் இல்லையே. ஒரு பிளாப்பி கூடுதலாக வைத்தால் தீர்ந்தது" என்றார்.

அப்படித்தான் தீர்ந்தது. அந்த வருடம் விற்ற ஒவ்வொரு பெட்டியிலும் இன்னொரு பிளாப்பி இருந்தது. அதில் மூலமும், 'அன்புடையீர்' என்ற நிபந்தனையும், பதினொரு பெயர்களும். தமிழ்ப் பிரிவுக்கு வேறு ஒருவர் தலைவரானார். என்னைக் கணக்குப் பிரிவின் மென்பொருளுக்கு மாற்றினார்கள். அருப்புக்கோட்டை மில்லில் விட்ட இடத்திலேயே வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது.

முதல் பெட்டி விற்பனைக்குப் போவதற்கு முன்பே, ஆறு வருடத்து மாற்றங்களையும் ஒரு பிளாப்பியில் போட்டு தேவசகாயத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். இருபத்து நாலு ஊசி வேலையும் அதில் இருந்தது. கூடவே ஜெயராணிக்கு ஒரு கடிதம்: மன்னிப்பும், வக்கீல் லிம் கண்ட வழியும். எழுத ஆறு நாள் ஆனது, அரைப் பக்கம்.

தேவசகாயத்தின் பதில் புரட்டாசியில் வந்தது. பிளாப்பி வந்த அன்று முனியசாமி அண்ணன் தற்செயலாக அச்சகத்தில் இருந்தாராம். தபாலில் அனுப்ப விடவில்லையாம். வீட்டுக்குப் போய் அந்தப் பழைய இரண்டு சிலேட்டுகளை எடுத்து வந்து, நடுவில் வைத்துக் கட்டி, தானே திருச்சுழிக்குக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். கண்டக்டர் சீட்டு வேண்டாம் என்றதைக் கேட்காமல் வாங்கினாராம். ஜெயராணி தன்னுடைய இருபத்து நாலு ஊசியையும் என்னுடையதையும் ஒப்பிட்டுப் பார்த்து, இரண்டு எழுத்துகளுக்கு மட்டும் என்னுடையதை எடுத்துக்கொண்டு, மற்றதற்குத் தன்னுடையதையே வைத்துக்கொண்டார். அது சரியான முடிவு.

உறையில் புதிய சோதனைத் தாளும், புதிய தலைப்பின் அச்சுப் பிரதியும் இருந்தன. பெயர்ப் பட்டியல் இப்போது இரண்டு பக்கத்தைத் தொட்டிருந்தது. தங்கள் நல்வரவை விரும்பும் என்பதற்குக் கீழே, கடைசியில், புதிதாக ஒரு வரி: 'திருமதி லிம் அவர்கள், வக்கீல், சிங்கப்பூர்.'

மதிய உணவு வேளையில் அதை எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போய் அந்த வரியைப் படித்துக் காட்டினேன். தனக்கு இன்னும் மணமாகவில்லை, திருமதி என்பதைத் திருத்தச் சொல்ல முடியுமா என்று கேட்டார். சேர்த்த பெயரை எடுக்க முடியாது என்ற நிபந்தனையை நினைவூட்டினேன். அவர் தாளை வாங்கி, தன் பெயர் இருந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, இதற்காகத் தான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார்.

"ஒன்றும் செய்ய வேண்டாம். ஏதாவது குறை என்றால் வந்து நிற்க வேண்டும்" என்றேன்.